கொம்புக்கு வைத்த சந்தனம்

மாமனாருக்கு அன்று விடிந்ததிலிருந்து நீர் பிரியவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

கொல்லைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டே நான் பார்த்தேன். முந்தின நாள் ஆயுத பூஜை. சுண்டலும் பொரியும் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார், வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கொல்லைச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நிற்கிறார். முதுகெல்லாம் வியர்வை.

என்ன மாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி வந்து சில வருஷங்கள் ஆகியும் நான் அவரிடம் நேருக்கு நேர் பேசியது கிடையாது. நான் சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். அவரோ முசிறியில் வாழைத்தோட்டம் வைத்து, மாடு கட்டி உழுது, நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவர். அத்தை போன பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் எங்களோடு வந்து இருந்தார். சோறு வைத்துவிட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அவர் காற்றைப் பார்த்து, "மோர் இருந்தா ஊத்தச் சொல்லு" என்பார். வீட்டில் என்னைத் தவிர வேறு ஆளே இல்லாத நேரத்திலும் அப்படித்தான். யாரிடமோ சொல்லி, அவர் வந்து என்னிடம் சொல்வது போல.

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் போய், "மாமாவைக் கொஞ்சம் பாருங்க. நிக்கிற நெலையே சரியில்ல" என்றேன்.

அவர் உள்ளே ஓடினார். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல, போடா."

"ஒண்ணுமில்லன்னா ஏன் செவுத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? செவுரு விழுந்துருமா?"

மாமனார் சுவரிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை. அப்புறம் சுவரிடமே சொல்வது போலச் சொன்னார்: "வர்ற மாதிரி இருக்கு. வர மாட்டேங்குது."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. ஏற்கனவே ஒரு முறை இப்படி அடைத்து, திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்றைக்கே டாக்டர் எச்சரித்திருந்தார். இன்னொரு தடவை வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு கஷாயம் கொடுத்துப் பார்க்கக் கூடாது, தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், நேரம் போனால் உள்ளே பை தாங்காது, உடம்பில் விஷம் ஏறிவிடும் என்று. எங்கள் தெரு முனை டாக்டரோ விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார்.

நல்லவேளை, கார் வாசலில் நிற்கிறது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஒரு பழைய பெரிய வண்டி. முதலாளி வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிடுவார். முன் பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கண்ணாடியெல்லாம் திருநீற்றுப் பட்டை இழுத்து, கல்யாண மாப்பிள்ளை போலச் சந்துக்குள் நின்றது. பூஜையில் வைத்த வண்டியை மறுநாள் மறுபூஜை செய்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் எடுப்பது. அன்றைக்கு அதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்?

மாமனார்தான் அந்த வலியிலும் கேட்டார்: "மறுபூஜை பண்ணலியேடா?"

"நீங்க மொதல்ல ஏறுங்கப்பா."

ஏற்றுவது லேசாக இல்லை. அவரால் குனிய முடியவில்லை. வயிறு பானை போலக் கெட்டிப்பட்டிருந்தது. எதிர் வீட்டு ரயில்வேக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவர் நீராவி எஞ்சினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருமாகப் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்.

என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். அந்த வண்டியில் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. முன்னால் ஒரு பொத்தான் இருக்கும், அதை வெளியே இழுத்தால்தான் செல்ஃப் அடிக்கும், எஞ்சின் சுற்றும். இழுத்தார். "ங்..." என்று ஒரு முனகல். அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். அந்த முனகலும் இல்லை.

"என்னடா?" என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்லப்பா."

"நான் சொன்ன ஒண்ணுமில்லயா, நெஜமாவே ஒண்ணுமில்லயா?"

யாரும் சிரிக்கவில்லை. ரயில்வேக்காரர், "பேட்டரி செத்துப்போச்சு தம்பி. தள்ளுவோம்" என்றார். கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் இரவல் வாங்கிப் போயிருந்தார். அதனால் தள்ளுவதைத் தவிர வழியில்லை. ரயில்வேக்காரர் பின்னால் கை கொடுத்தார். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு ஓரமாகக் கை வைத்தேன். சந்தில் மணல். வண்டி மெதுவாக நகர்ந்து, கொஞ்சம் வேகம் பிடித்ததும், என் வீட்டுக்காரர் கிளட்சை விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

உள்ளேயிருந்து மாமனார் அலறினார். கழுத்தறுபடும் ஆட்டின் சத்தம் மாதிரி இருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"வேணாம்டா! தள்ளாதீங்கடா! வெட்டிப் போட்டுருங்க, தள்ளாதீங்க!"

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இனித் தள்ளவும் முடியாது. கீழே இறக்கவும் முடியாது. ஏற்றினதே பெரும்பாடு.

"நான் போய்க் குதிரை வண்டி கூட்டிக்கிட்டு வரேன்" என்றார் ரயில்வேக்காரர்.

"குதிரை வண்டியா? அது குலுக்குற குலுக்குல நான் பாலத்துலயே போயிருவேன்" என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. எதுக்கும் இருக்கட்டும்" என்று செருப்பைக்கூடப் போடாமல் அவர் தெரு முனைக்கு ஓடினார்.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து முட்டுக்கொடுத்தார். வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டே, "ஸ்பேனர் எடுத்தா" என்றார். ஸ்பேனர்களெல்லாம் பூஜை அறையில் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு. தாயே தப்பா நினைக்காதே என்று சொல்லி அள்ளிக்கொண்டு வந்தேன்.

"இந்தா, உள்ள ஏறி உக்காரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எங்கங்க?"

"டிரைவர் சீட்டுல. நான் இங்க பாக்கணும். நீ பொத்தானை இழுக்கணும்."

நான் நின்றேன். அவர் பக்கத்து சீட்டில்கூட நான் உட்கார்ந்தது இல்லை. பின் சீட்டில் மாமனார். அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார மாட்டேன். இப்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால், தெருவே பார்க்க.

"ஏய், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஏறு!"

ஏறினேன். சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மாமனாரின் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பானெட் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றதால் என் வீட்டுக்காரரைத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"சாவியைத் திருப்பு. சிவப்பு லைட் எரியுதா?"

"எரியுதுங்க."

"இப்ப பொத்தானை இழு. லைட்டையே பாரு."

இழுத்தேன். பொத்தான் கெட்டியாக இருந்தது, கிணற்றுக் கயிற்றை இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது. விளக்கு பொட்டென்று அணைந்தது. கையை விட்டேன். திரும்ப எரிந்தது.

"அணைஞ்சு போச்சுங்க. விட்டா எரியுது."

"பேட்டரி செத்திருந்தா இவ்வளவு நல்லா எரியாதே" என்று அவர் தனக்குள் பேசிக்கொண்டார். "ஹாரன் அடி."

அடித்தேன். சந்து முழுவதும் கேட்டது. எனக்கு உடம்பு கூசியது. இரண்டு வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"செல்ஃப் மோட்டார்தான் புடிச்சிக்கிச்சு" என்று சொல்லி ஸ்பேனரால் கீழே எதையோ டங்கு டங்கென்று தட்டினார். "இழு!" இழுத்தேன். ஒன்றும் இல்லை. திரும்பத் தட்டினார். "இழு!" ஒன்றும் இல்லை.

பின்னால் மாமனார், "ரங்கா... ரங்கா..." என்று பெருமாளைக் கூப்பிட்டு முனக ஆரம்பித்திருந்தார். நடுவில் நிறுத்தினார். நின்றது அதைவிடப் பயமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது.

சந்தன வாசனை. முதலில் ஸ்பேனர் எடுத்துவந்த என் கையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன். அது வேறு, குளிர்ந்த வாசனை. இது சூடாக இருந்தது, தணலில் சந்தனத் தூள் போட்டால் வருமே, அந்த மாதிரி. "இழு" என்றார். இழுத்தேன். வாசனை திரும்ப வந்தது. விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இழுத்தால் வருகிறது.

நேற்றுச் சாயங்காலம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பூஜைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வண்டியைக் கழுவினார். பேட்டரிக்கு மேல் இரண்டு ஈயக் கட்டைகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் தலையில்தான் ஒயரின் கிளாம்ப் மாட்டுவது. கிளாம்பைக் கழற்றி, வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, குளிக்கப் போனார். நல்ல நேரம் முடிவதற்குள் எல்லாம் ஆக வேண்டும் என்று பரபரப்பு. மாமனார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஸ்டியரிங்குக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார், விளக்குக்கு வைத்தார். பிறகு திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அந்த இரண்டு கட்டையையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கன்னுக்குட்டிக்குக் கொம்பு முளைச்ச மாதிரியே இருக்கு பாரு" என்று காற்றிடம் சொன்னார்.

முசிறியில் மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கொம்பைக் கையால் உருவி உருவிச் சந்தனம் பூசுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதே மாதிரி, கிண்ணத்திலிருந்து வழித்து, இரண்டு ஈயக் கொம்புக்கும் அடி முதல் நுனி வரை அப்பிவிட்டார். மேலே ஒரு குங்குமப் பொட்டு. என் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு ஓடிவந்தபோது பொழுது இருட்டிவிட்டது. கிளாம்பை அப்படியே மேலே அழுத்தி முடுக்கினார். பழைய கிளாம்ப், முழுக்க இறுகாது.

எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படிச் சொல்வது? பின் சீட்டில் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். நீங்கள் வைத்த சந்தனம்தான் உங்களைப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறது என்று, அவரிடம் ஒரு வார்த்தை பேசியிராத நான் சொல்வதா? சொன்னால் என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கோபம் வந்தால் முன்பின் பார்க்காமல் கத்துகிற மனிதர். அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை கத்திவிட்டு, அதற்கப்புறம் மாமனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"என்னடா... ஆச்சா?" என்றது பின்னாலிருந்து. குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது.

நான் இறங்கினேன்.

"ஏன் எறங்குற? இழுக்கச் சொன்னா..." என்று அவர் ஆரம்பித்தார்.

நான் பானெட்டுக்குள் அவர் தலைக்குப் பக்கத்தில் தலையை விட்டு, "பேட்டரியில சந்தன வாசனை வருதுங்க" என்றேன்.

"நேத்து பூஜை பண்ணா வராம என்ன பண்ணும்?"

"கருகுற வாசனைங்க. இழுத்தாத்தான் வருது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கிளாம்பில் விரலை வைத்தார். "ஸ்..." என்று வெடுக்கென்று எடுத்தார். சுட்டிருக்கிறது. "இது ஏன் சுடுது? நேத்துதானே கழுவி மாட்டினேன்."

"உள்ள இருக்குங்க சந்தனம்." நான் குரலைத் தாழ்த்தினேன். "நீங்க குளிக்கப் போனப்ப... மாமா கொம்புக்கு வச்சாங்க."

நான் கொம்பு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் அப்பாவை அவருக்குத் தெரியாதா? முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். தெருவில் வைத்து அவரை நான் தொட்டது அன்றுதான். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அங்க என்னடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்றார் மாமனார். "என்னத்த ஒளிக்கிறீங்க? வண்டி கெளம்பாதா?"

என் வீட்டுக்காரர் வாயை மூடி, எச்சிலை விழுங்கினார். பிறகு சத்தமாக, "ஒயர் லூசாயிருக்குப்பா. அவ்வளவுதான். இதோ ஆச்சு" என்றார்.

கிளாம்பைக் கழற்றினார். உள்ளே சந்தனம் காய்ந்து, அப்பளம் மாதிரி ஈயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கறுத்திருந்தது. விளக்குக்கும் ஹாரனுக்கும் போதுமான கரண்ட்டை விட்டு, செல்ஃபுக்கு வேண்டியதை அது மறித்திருக்கிறது. நான் அடுப்படிக்கு ஓடினேன். இட்லிப் பானைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதையே கொண்டுவந்து ஊற்றினேன். அவர் கத்தி முனையால் சுரண்டினார். கிளாம்புக்குள்ளும் சுரண்டினார். துடைக்கத் துணி தேடினார். நான் முந்தானையைக் கொடுத்தேன். ஈயம் வெள்ளிக்காசு போல வெளுத்தது. கிளாம்ப் இறுகாததற்குத் தகரத்தை மடித்துச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார்.

"போ. இழு."

திரும்ப ஏறினேன். இந்தத் தடவை சீட்டு நுனி என்றெல்லாம் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பிப் பொத்தானை இழுத்தேன். வண்டி அதிர்ந்து உறுமியது. என் கால் பக்கமெல்லாம் நடுங்கியது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன், ஆனாலும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

குதிரை வண்டியோடு வந்த ரயில்வேக்காரர் குதித்து ஓடிவந்து, பின் சீட்டில் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லி என் வீட்டுக்காரர் ஏறினார். வாழைக்கன்று ஆட, மாலை பறக்கப் புறப்பட்டோம். காவிரிப் பாலத்தின் நடுவில் முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் நாங்கள் நின்றபோது எஞ்சின் ஒரு இருமல் இருமி அணைந்தது. என் வீட்டுக்காரர் கை பொத்தானில் இருந்தது. ஆனால் இழுக்கப் பயந்தார். கீழே ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மாமனார், "தண்ணி... சத்தம் கேக்காம கூட்டிட்டுப் போடா" என்று அழுதார். என் வீட்டுக்காரர் இழுத்தார். உடனே எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அவர் அணைக்கவில்லை. "நீ இங்கயே இரு. யாரையும் கை வைக்க விடாத" என்று சொல்லிவிட்டு, ரயில்வேக்காரரோடு மாமனாரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் அந்தப் பேட்டரியை அவர் நம்பவில்லை. உள்ளே என்ன சொல்வார்களோ, வேறு எங்கே கொண்டுபோகச் சொல்வார்களோ.

மாலை போட்ட வண்டி உறுமிக்கொண்டு நிற்க, அதற்குள் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்தார்கள். கல்யாண வண்டியா என்று ஒரு அம்மாள் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் என் கை பொத்தான் பக்கம் போனது. அது ஓடுகிற வரைக்கும்தான் மாமனார் உயிரோடு இருப்பார் என்று எப்படியோ என் மனதில் விழுந்துவிட்டது. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி, எஞ்சினை அணைத்தார். இனி வேறெங்கும் போக வேண்டியதில்லை, மாமனார் பிழைத்துவிட்டார் என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. நான் அங்கேயே அழுதேன்.

உள்ளே போனபோது மாமனார் கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தார். முகம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மகனைப் பார்த்து, "என்னடா ஆச்சு வண்டிக்கு?" என்றார்.

"அதான் சொன்னேனே. ஒயர் லூசு."

மாமனார் மேலே சுற்றாமல் நின்ற விசிறியைப் பார்த்தார். "எனக்குச் சந்தன வாசனை வந்துச்சுடா. நல்லா வந்துச்சு. சரி, நமக்கு நெத்தியில சந்தனம் அப்பிட்டாங்க, பாடை கட்டுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா முன்னால இந்தப் பொண்ணு உக்காந்து வண்டிய இழுத்துக்கிட்டு இருக்கு. எமன் வண்டிக்குப் பொம்பள டிரைவரான்னு யோசிச்சேன்."

ரயில்வேக்காரர் வெடித்துச் சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டினாள். மாமனார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். காற்றைப் பார்க்கவில்லை. "நீ சாப்பிட்டியாம்மா?" என்றார். தலையாட்டினேன். சாப்பிட்டிருக்கவில்லை.

சந்தனம் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதன் பிறகு நாங்கள் நிறையப் பேசிக்கொண்டோம் என்றெல்லாம் இல்லை. மோர் வேண்டுமென்றால் என்னிடமே கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கிளாம்பைக் கழற்றிக் கழுவி, உடனே மாட்டி இறுக்கிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் குளிக்கப் போனார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் சந்தனக் கிண்ணத்தோடு மாமனாருக்குப் பின்னால் நடந்தேன். ஸ்டியரிங், சக்கரம், விளக்கு. பானெட்டுக்கு வந்தார். விரலில் சந்தனத்தை வழித்து எடுத்துக்கொண்டு குனிந்தார். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

அவர் கை அந்த இரண்டு கொம்புக்கும் மேலே ஒரு கணம் நின்றது. பிறகு கீழே இறங்கி, பேட்டரிப் பெட்டியின் முன் பக்கத்தில், நடுவில், சின்னதாக ஒரு பொட்டு வைத்தது.

"கொம்புக்கு வேணாம்மா" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "நெத்தியில வச்சாப் போதும்."